ஓடுகிற மண்ணை நிறுத்தி வைப்பது

(உக்குவளையில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வரும் வழியில் சுது கங்கைக் கரையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். நேற்றுப் பின்னேரம் பெய்த மழையில் ஆறு பால் தேத்தண்ணி நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சிங்களத்தில் 'சுது' என்றால் வெள்ளை. ஆனால் நேற்றைய மழைக்குப் பிறகு அதை வெள்ளை ஆறு என்று யாரும் சொல்லமாட்டார்கள். அந்த நிறம் நம் மலையின் மேல்மண். யாரோ ஒருவர் மிளகு நட்ட சரிவிலிருந்தும், யாரோ ஒருவர் வெண்டி போட்ட கொல்லையிலிருந்தும் கிளம்பிப் போகிற மண் அது.

காய்கறிப் பாத்தி போடுவது பற்றிப் பேச வந்தவன் ஆற்றைப் பற்றிப் பேசுகிறானே என்று நினைக்கவேண்டாம். உக்குவளையில் இரண்டையும் பிரிக்க முடியாது. 1976ஆம் ஆண்டிலிருந்து மகாவலித் தண்ணீரில் ஒரு பங்கு பொல்கொல்லையில் மறிக்கப்பட்டு, ஏறத்தாழ 8 கிலோமீற்றர் சுரங்கத்தின் வழியாக மலையைத் துளைத்துக்கொண்டு நம் ஊருக்கு வருகிறது. இங்கே 40 மெகாவாற் மின்னிலையத்தின் சுழலிகளைச் சுற்றிவிட்டுச் சுது கங்கையில் இறங்குகிறது. அங்கிருந்து அம்பன் கங்கைக்கும் போவத்தென்னைக்கும் போய், அதற்கப்பால் வறண்ட நாட்டு வயல்களுக்குப் போகிறது. மழைக்காலத்தில் அந்தத் தண்ணீரோடு மேலே இருக்கிற மலைகளின் மண்ணும் வருகிறது. பொல்கொல்லைத் தேக்கத்தில் மண் படிந்து கொள்ளளவு குறைந்துபோனதைப் பற்றிப் பொறியியலாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். மண் பாதுகாப்புக்கென்று 1951இலேயே இந்த நாட்டில் ஒரு சட்டம் வந்தது. அவ்வளவு பழைய கவலை இது.

ஏன் இப்படி ஆனது? நம் குடும்பங்களின் கதையும் இதற்குள் இருக்கிறது. தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே நடந்து, வழியில் இறந்தவர்களைப் புதைத்துவிட்டு மாத்தளைக்கு வந்து சேர்ந்தவர்கள் நம் முன்னோர். 2023இல் அந்த நடையை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். உங்களில் சிலரும் அதில் சேர்ந்து நடந்திருப்பீர்கள். முன்னோர் வந்தது கோப்பிக்காக. காட்டை வெட்டினார்கள், எரித்தார்கள், கோப்பி நட்டார்கள். 1869இல் கோப்பியில் இலைத்துரு நோய் கண்டது; பிறகு தேயிலை வந்தது, இந்தப் பக்கத்தில் கொக்கோவும் இறப்பரும் வந்தன. பயிர் மாறினாலும் மலையில் ஒரு புல்கூட இருக்கக்கூடாது என்கிற சட்டம் மட்டும் நெடுநாள் மாறவில்லை. என் அம்மாயி சுரண்டியும் கையுமாகவே வாழ்ந்தவர். களையைச் சுரண்டச் சுரண்ட மண் வெறுமையாகிறது. வெறும் மண்ணில் மழை அடித்தால் அது கீழே ஓடும். அவருக்கு அது தெரியும். "நாங்க சுரண்டுறது களைய மட்டும் இல்லடா" என்று சொல்வார். சின்ன வயதில் எனக்கு அது விளங்கவில்லை.

அதனால்தான் மேட்டுப்பாத்தியை நான் காய்கறி விளைகிற இடமாக மட்டும் பார்ப்பதில்லை. ஓடிக்கொண்டிருக்கிற மண்ணை நிற்கச் சொல்லுகிற இடம் அது. மூன்றடி அகலம், பத்தடி நீளம், அதற்குள் மண் நகராமல் இருக்கவேண்டும், வருடத்துக்கு வருடம் கூடவேண்டும். இன்று நான் சொல்லப்போகிற மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன.

என்னுடைய பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2022ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். அந்த வருடம் செப்ரெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி உணவுப் பொருட்களின் பணவீக்கம் 94.9 வீதம். அதற்கு முந்தின வருடம், 2021இல், இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தி, அந்த வருடம் முடிவதற்குள்ளேயே அந்தத் தடையைத் தளர்த்தினார்கள். வயலும் மலையும் அதில் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். 2022 ஜூனில், வீட்டுத்தோட்டம் செய்வதற்காக அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்தார்கள். ஊரெல்லாம் மண்வெட்டியோடு நின்றது. நானும் நின்றேன்.

எங்கள் வீட்டு முற்றம் கல்லும் சரளையும். சரி, மண் வாங்கிவிடலாம் என்று ஒரு டிரக்டர் லோட் மண் இறக்கினேன். சிவப்பாக, கட்டியில்லாமல், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதைக் குவித்துப் பாத்தி கட்டி, பயிற்றை விதை போட்டேன். முளைத்தது. நான்கு இலை வந்ததும் மஞ்சளாகி நின்றுவிட்டது. மழை பெய்தால் மேலே தண்ணீர் தேங்கியது. இரண்டு நாள் வெயில் அடித்தால் ஓடு மாதிரி வெடித்தது. பிறகுதான் விசாரித்தேன். எங்கேயோ வீடு கட்ட மேட்டை வெட்டியபோது எட்டு, பத்தடி ஆழத்திலிருந்து எடுத்த மண் அது. வேர் பார்க்காத மண், புழு பார்க்காத மண். மண் என்கிற பேர் மட்டும்தான் அதற்கு இருந்தது. அந்த மேட்டை வெட்டிய இடத்தில் அடுத்த மாரியில் சரிவு விழுந்ததையும் பார்த்தேன். என் பாத்திக்காக வேறொருவருடைய மலை சரிந்தது என்று நினைக்கும்போது இன்னும் மனசு கனக்கிறது.

அதனால் முதலில் கேட்டுக்கொள்வது இதுதான்: மண் வாங்காதீர்கள். உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மேட்டையும் வெட்டாதீர்கள். பாத்திக்கு வேண்டிய மண் பெரும்பாலும் நீங்கள் நிற்கிற இடத்திலேயே இருக்கிறது. இதை நான் பேச்சுக்குச் சொல்லவில்லை, கணக்குப் பார்த்தே சொல்லுகிறேன். பிள்ளைகள் கவனமாகக் கேளுங்கள், பள்ளிக்கூடத்துக் கணக்குத்தான்.

பாத்தி மூன்றடி அகலம், பத்தடி நீளம். பரப்பு 30 சதுர அடி. அதைச் சுற்றி நான்கு பக்கமும் ஒன்றரை அடி நடைபாதை விடுகிறோம். அப்போது மொத்த இடம் ஆறடிக்குப் பதின்மூன்று அடி, அதாவது 78 சதுர அடி. பாத்தியைக் கழித்தால் நடைபாதை 48 சதுர அடி. நடைபாதையில் யாரும் பயிர் வைக்கப்போவதில்லை. அங்கே இருக்கிற மேல்மண் வீணாகக் கால் மிதிபட்டுக் கிடக்கிறது. அதை நான்கு அங்குலம் வழித்துப் பாத்தியின் மேல் போடுங்கள். 48 சதுர அடி, நான்கு அங்குலம்: பதினாறு கன அடி. 30 சதுர அடியில் பரப்பினால் ஆறு அங்குலத்துக்கு மேல் வரும். ஒரு சதமும் செலவில்லாமல் அரை அடி உயர்ந்துவிட்டது. அடியில் இருக்கிற மண்ணைத் தோட்டத்து இரும்பு முள்ளால் குத்தித் தளர்த்தினால் அது இன்னும் இரண்டங்குலம் பொங்கும். அதன்மேல் கூட்டுப்பசளை நான்கு அங்குலம். பாத்தி ஓரடி உயரத்தில் நிற்கிறது. நடைபாதையும் நான்கு அங்குலம் தாழ்ந்து, மழைத் தண்ணீர் நின்று இறங்குகிற வாய்க்காலாகிவிடுகிறது. அதில் சருகு, வாழைச்சருகு, மரத்தூள் போட்டுவிடுங்கள். அடுத்த வருடம் அது மக்கி, வழித்துப் பாத்திக்குள் போடத் தயாராக இருக்கும்.

மூன்றடி அகலம் ஏன் என்று கேட்பீர்கள். உங்கள் கையின் நீளம்தான் காரணம். இரு பக்கத்திலிருந்தும் குந்தியிருந்து கையை நீட்டினால் நடுப்பகுதி எட்டவேண்டும். எட்டாவிட்டால் கால் வைப்பீர்கள். பாத்திக்குள் ஒருவர் ஒருமுறை கால் வைத்தால், அந்த இடத்து மண் இறுகி, உள்ளே இருந்த காற்றில் ஒரு பங்கு வெளியே போய்விடும். வேருக்குத் தண்ணீர் எவ்வளவு தேவையோ காற்றும் அவ்வளவு தேவை. கோழியையும் பேரப்பிள்ளையையும் பாத்திக்குள் விடாதீர்கள். இரண்டுமே சமமான சேதம் செய்யும்.

இனி உங்கள் மண் என்ன மண் என்று பார்க்கவேண்டும். இந்தப் பக்கத்து மண் பொதுவாகச் செம்பழுப்பு; சில சரிவுகளில் இன்னும் முற்றாத பழுப்பு மண், கல்லும் மைக்காத் துகளும் மின்னும். ஒரு கைப்பிடி எடுத்துத் தண்ணீர் தெளித்து, ரொட்டிக்குப் பிசைகிற மாதிரி பிசைந்து, விரலுக்கிடையில் நாடா மாதிரி தள்ளுங்கள். ஒரு அங்குலம் கூட வராமல் உடைந்தால் மணல் கூடின மண். இரண்டு அங்குலத்துக்கு மேல் நீண்டால் களி கூடின மண். இடையில் நின்றால் அதிர்ஷ்டம். மணல் மண்ணுக்கும் களி மண்ணுக்கும் வைத்தியம் ஒன்றுதான் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். இரண்டுக்குமே மக்கிய சேதனப் பொருள்தான் வேண்டும். மணலில் அது தண்ணீரைப் பிடித்து வைக்கும். களியில் அது துகள்களைச் சேர்த்து உருண்டையாக்கி இடைவெளி விடும். களி மண்ணில் மணலைக் கொட்டிக் கலப்பதை மட்டும் செய்யாதீர்கள், கொங்கிரீட் மாதிரி இறுகிவிடும்.

ஈர மண்ணைக் கிளறவும் கூடாது. கையில் பிடித்து உருட்டி, விரலால் தட்டினால் பொலபொலவென்று உதிரவேண்டும். பந்து மாதிரி நின்றால் இரண்டு நாள் பொறுங்கள்.

யாழ்ப்பாணத்தில் என் நண்பர் ஒருவருடைய தோட்டத்துக்குப் போயிருந்தேன். அங்கே பாத்தி மேட்டில் இல்லை, பள்ளத்தில்! வரம்பு உயர்ந்து நிற்கிறது, பயிர் தாழ நிற்கிறது. கிணற்றுத் தண்ணீரை வாய்க்கால் வழியே விட்டு, ஒரு சொட்டும் வெளியே போகாமல் பிடித்து வைக்கிற பாத்தி அது. மழை குறைந்த நாட்டின் அறிவு அது. அதே தோட்டத்தில் பனையோலையைக் குழி வெட்டித் தாட்டு, மேலே செம்மண் மூடுவதையும் பார்த்தேன். ஓலை மெல்ல மெல்ல மக்கி வருடக்கணக்கில் மண்ணைக் காக்கும் என்றார். பூவரசங் குழையும் அப்படித்தான். நமக்கு அங்கே போல் தண்ணீர்ப் பஞ்சம் இல்லை. வருடத்துக்கு 1750 முதல் 2500 மில்லிமீற்றர் வரை மழை பெறுகிற இடைவலயம் இது. ஐப்பசி கார்த்திகையில் பின்னேரம் இடி இடித்துக்கொண்டு வருகிற மழை ஒரு மணி நேரத்தில் பாத்தியைக் கரைத்துவிடும். அதனால் நமக்கு மேட்டுப்பாத்தி. ஆனால் குழை தாழ்க்கிற பழக்கத்தை யாழ்ப்பாணத்தாரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். நமக்கு அது பனையோலை அல்ல, கிளிரிசீடியா மரத்துக் குழை.

இப்போது சரிவைப் பற்றி. உக்குவளையில் மட்டமான முற்றம் வைத்திருப்பவர் எத்தனை பேர்? கை தூக்குங்கள் பார்ப்போம். மூன்று பேர். மற்ற எல்லாரும் சரிவில். சரிவில் பாத்தியை மேலிருந்து கீழாகப் போட்டால் அது பாத்தி இல்லை, மண் சறுக்கிப் போகிற பாதை. சரிவுக்குக் குறுக்காக, ஒரே மட்டத்தில் போடவேண்டும். மட்டம் கண்ணால் தெரியாது. மலையில் கண் நம்மை ஏமாற்றும். அதற்கு ஏ-சட்டம் என்று ஒரு கருவி இருக்கிறது. விலை கொடுத்து வாங்கவேண்டியதில்லை.

ஆறு, ஏழடி நீளமான இரண்டு கம்புகளை நுனியில் சேர்த்துக் கட்டி, கால்களை விரித்து, நடுவில் ஒரு குறுக்குக் கம்பு கட்டுங்கள். ஆங்கில எழுத்து ஏ மாதிரி இருக்கும். நுனியிலிருந்து ஒரு நூல், நூலின் முனையில் ஒரு கல். கல் குறுக்குக் கம்புக்குக் கீழே தொங்கவேண்டும். இரண்டு காலும் நிற்கிற இடத்தில் முளைக்குச்சி அடித்து, நூல் குறுக்குக் கம்பைத் தொடுகிற இடத்தில் ஒரு கோடு. பிறகு சட்டத்தைத் திருப்பி, இடக்கால் இருந்த இடத்தில் வலக்காலை, வலக்கால் இருந்த இடத்தில் இடக்காலை வையுங்கள். மறுபடி ஒரு கோடு. இரண்டு கோட்டுக்கும் சரி நடுவில் மூன்றாவது கோடு. அதுதான் மட்டம். இனி எந்தச் சரிவிலும் ஒரு காலை ஊன்றி, மறு காலை மேலும் கீழும் நகர்த்தி, நூல் அந்த நடுக்கோட்டில் நிற்கும்போது முளை அடியுங்கள். சட்டத்தைச் சுழற்றி அடுத்த முளை. இருபதடி போனபின் திரும்பிப் பாருங்கள். முளைகள் நேர்கோட்டில் இருக்காது, மலையின் இடுப்பைச் சுற்றி வளைந்து போகும். அந்த வளைவுதான் உங்கள் பாத்தியின் கீழ் ஓரம்.

கீழ் ஓரத்தில் கல் அடுக்குங்கள். கல்லுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. பெரிய கல் கீழே, கொஞ்சம் மலைப்பக்கம் சாய்த்து. கல் இல்லாதவர்கள் பாக்கு மரத்தண்டைப் பிளந்து வைக்கலாம். மூங்கில் வைக்கலாம், ஆனால் இரண்டு மூன்று வருடத்தில் மாற்றவேண்டிவரும். எதுவும் இல்லாவிட்டால் கிளிரிசீடியாக் கம்பை அரை அடி இடைவெளியில் நட்டு, வாழை மட்டையைப் பின்னிவிடுங்கள். கம்பு தளிர்த்து வேலியாகும், வேர் மண்ணைப் பிடிக்கும், வெட்டி வெட்டிக் குழையும் எடுக்கலாம். உடைந்த அஸ்பெஸ்டஸ் கூரைத் தகட்டைப் பாத்திக்கு வைப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அதன் தூசி நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது. ரயில் பாதையிலிருந்து கழித்த பழைய சிலிப்பர் கட்டையும் வேண்டாம். அதில் ஏற்றிய தார் எண்ணெய் மண்ணில் இறங்கும்.

காணி இல்லையே என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லயத்துக் காம்பராவில் இஸ்தோப்புக்கு முன்னால் கிடைப்பது நாலடி. எனக்குத் தெரியும், நான் அங்கேதான் வளர்ந்தேன். மலையகத்தில் சில வருடங்களுக்கு முன் கட்டிக் கொடுத்த வீடுகளுக்குக் கிடைத்தது ஏழு பேர்ச் காணி. ஒரு பேர்ச் 272 சதுர அடி. ஏழு பேர்ச் ஏறத்தாழ 1,900. வீடு 550 சதுர அடி. வழி, கழிப்பறைக்குழி எல்லாம் போக, நான் சொன்ன அளவில் ஐந்தாறு பாத்திக்கு இடம் தேறும். நிலம் நம் பேரில் இருக்கவேண்டும் என்பது வேறு போராட்டம், அதை விடக்கூடாது. ஆனால் உறுதிப்பத்திரம் வரும்வரை மண்ணைத் தரிசாக விடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

கூட்டுப்பசளைக்கு வருகிறேன். இதில்தான் நான் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப்போகிறேன். 2021இல் நாடு முழுக்கத் தவறு நடந்தது இந்த இடத்தில்தான். சேதனப் பசளை கெட்டது என்பதால் அந்தத் தோல்வி வரவில்லை. மண்ணுக்கு அவகாசம் கொடுக்கவில்லை, பசளை செய்ய யாரிடமும் பொருளும் காலமும் இருக்கவில்லை. ஒரு குவியல் மக்குவதற்கு மூன்று மாதம் வேண்டும். யாருடைய உத்தரவுக்கும் அது முன்னதாக மக்காது.

இந்தியாவில் இந்தோரில் அல்பர்ட் ஹவர்ட் என்கிற விஞ்ஞானி 1924இலிருந்து 1931 வரை இதைச் செய்து பார்த்து ஒழுங்குபடுத்தினார். விவசாயிகள் காலங்காலமாகச் செய்ததைப் பார்த்து, அளந்து, எழுதினார். 'இந்தோர் முறை' என்று உலகம் முழுக்கப் போனது. அதன் சாரம் எளிது: பச்சை, காய்ந்தது, சாணம், கொஞ்சம் மண், அடுக்கடுக்காக, ஈரம் வேண்டும், காற்று வேண்டும், புரட்டவேண்டும்.

உக்குவளையில் என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். மற்ற ஊர்க்காரர் பொறாமைப்படவேண்டும். காய்ந்ததுக்குப் பலா இலை, சாதிக்காய் மரத்துச் சருகு, மிளகு உதிர்த்த காம்பு, வாழைச்சருகு. பச்சைக்குக் கிளிரிசீடியாக் குழை, சமையலறைக் கழிவு, வேலியோரத்துக் காட்டுச் சூரியகாந்தி. அதோடு கொக்கோக் காயின் தோல். கொக்கோ உடைக்கிற இடத்தில் அது மலையாகக் குவிந்து அழுகிக் கிடக்கும். அதில் பொட்டாசியம் நிறைய. முழுசாகப் போட்டால் மக்க நாளாகும், பூஞ்சணமும் பிடிக்கும். கத்தியால் நாலாகக் கொத்திப் போடுங்கள். வாசனைத் திரவியத் தோட்டங்கள் குப்பையென்று தள்ளுகிறதில் பாதி நமக்குப் பசளை.

குவியல் மூன்றடி அகலம், மூன்றடி நீளம், மூன்றடி உயரம் இருக்கவேண்டும். அதற்குக் குறைந்தால் சூடு பிடிக்காது. பெரிய இலைகளை வெட்டிப் போடுங்கள். சாணத்தைக் கரைத்துத் தெளியுங்கள். சாணம் இல்லாதவர்கள் பழைய கூட்டுப்பசளை இரண்டு கூடை போட்டால் போதும், நுண்ணுயிர் அதில் இருக்கிறது. ஈரம் எவ்வளவு? துவைத்துப் பிழிந்த துணியைப் போல; கையால் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரலாம், ஒழுகக் கூடாது. மேலே வாழையிலை மூடுங்கள். ஐந்தாம் நாள் ஒரு இரும்புக் கம்பியைச் செருகி, பத்து நிமிடம் விட்டு எடுத்துத் தொடுங்கள். கையை இழுத்துக்கொள்கிற சூடு இருந்தால் குவியல் வேலை செய்கிறது. களை விதையும் நோய்க்கிருமியும் அந்தச் சூட்டில்தான் சாகும். சூடு இல்லை, நாற்றம் வருகிறது என்றால் ஈரம் கூடிவிட்டது. புரட்டி, காய்ந்தது சேருங்கள். சூடும் இல்லை, நாற்றமும் இல்லை, போட்டது போட்டபடி இருக்கிறது என்றால் பச்சை போதவில்லை, அல்லது காய்ந்துவிட்டது. மூன்றாம் வாரம் ஒருமுறை, ஆறாம் வாரம் ஒருமுறை புரட்டுங்கள். மூன்று மாதத்தில் கறுத்து, உதிரியாகி, முதல் மழையின் மண்வாசம் வரும். அந்த வாசம் வராவிட்டால் பாத்திக்குப் போடாதீர்கள். பாதி மக்கினதைப் போட்டால், மீதி மக்குவதற்கு மண்ணிலிருக்கிற நைதரசனை அது எடுத்துக்கொண்டுவிடும், பயிர் மஞ்சளடிக்கும். பச்சை மரத்தூளைக் கலக்கிறவர்களுக்கு நடப்பது அதுதான்.

ஒரு பாத்திக்கு நான்கு அங்குலம் போட, உரச் சாக்கில் நான்கைந்து வேண்டும். குவியல் மக்கும்போது பாதிக்கும் கீழே வற்றிவிடும் என்பதால், பன்னிரண்டு சாக்குக் குப்பையாவது சேர்க்கவேண்டும். அதனால் முதல் வருடம் ஒரே ஒரு பாத்தி போடுங்கள். ஐந்து பாத்தி ஆசை வேண்டாம். அரைகுறையாகப் போட்ட ஐந்தை விட நிறைவாகப் போட்ட ஒன்று வீட்டுக்குக் கறி தரும்.

பாத்தியை நிரப்பும்போது, முதலில் அடிமண்ணை முள்ளால் ஒரு சாண் ஆழத்துக்குக் குத்தித் தளர்த்துங்கள். புரட்டவேண்டாம், அடியில் இருப்பது அடியிலேயே இருக்கட்டும். அதன்மேல் கிளிரிசீடியாக் குழை ஒரு அடுக்கு. அதன்மேல் நடைபாதையில் வழித்த மண். அதன்மேல் கூட்டுப்பசளை, மேல் அரை அடியோடு மட்டும் கலந்துவிடுங்கள். இரண்டு மூன்று வாரம் விட்டால் குழை அடங்கிவிடும், பாத்தியும் கொஞ்சம் இறங்கும். அதற்குப் பிறகு நடுங்கள். இப்படி ஒருமுறை கொத்தினால் போதும், வருடாவருடம் கொத்தவேண்டாம். சாள்ஸ் டார்வின் 1842இல் தன் வீட்டருகே ஒரு வயலில் சுண்ணக்கட்டித் துண்டுகளைப் பரப்பினார். 29 வருடம் கழித்து, 1871இல், குழி வெட்டிப் பார்த்தார். துண்டுகள் ஏழு அங்குலம் கீழே இருந்தன. மண்புழுக்கள் கீழேயிருந்து மண்ணை உண்டு மேலே கழித்துக் கழித்து அவற்றைப் புதைத்திருந்தன. 1881இல் மண்புழுவுக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். புழு உழுகிற பாத்தியை மண்வெட்டியால் வெட்டினால் புழுவைத்தான் வெட்டுகிறோம்.

புளிப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். மழை கூடின மலையில் கல்சியமும் மக்னீசியமும் கழுவிக்கொண்டு போய்விடும், மண் புளிக்கும். தேயிலைக்கு அந்தப் புளிப்பு பிடிக்கும். கத்தரிக்கும் போஞ்சிக்கும் கோவாவுக்கும் பிடிக்காது. அதற்கு டொலமைட். நான் சொன்ன அளவுப் பாத்திக்கு இரண்டு சிரட்டை, நடுவதற்கு மூன்று வாரத்துக்கு முன்னால், மண்ணோடு கலந்து. சாணத்தோடும் யூரியாவோடும் ஒரே நாளில் போடாதீர்கள், நைதரசன் காற்றில் போய்விடும். எவ்வளவு புளிப்பு என்று சரியாகத் தெரிந்துகொள்ள மண்ணைப் பரிசோதிக்கவேண்டும். கன்னொருவையில் இருக்கிற விவசாயத் திணைக்களத்தின் நிறுவனம் நமக்குத் தூரமில்லை. உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள், அல்லது 1920 என்கிற விவசாய ஆலோசனை எண்ணுக்கு அழையுங்கள். தமிழில் பேசுங்கள், தமிழில் பதில் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

வெயில். நம் வீட்டுத்தோட்டங்கள் பலாவும் தென்னையும் கமுகும் ஈரப்பலாவும் கராம்பும் அடுக்கடுக்காக நிற்கிற காடுகள்; கண்டி, மாத்தளைப் பக்கத்து இந்தத் தோட்டங்களை உலகம் முழுவதிலிருந்தும் வந்து ஆராய்கிறார்கள். அதை வெட்டிவிட்டு வெண்டி போடச் சொல்லமாட்டேன். காலை எட்டு மணி, பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று முற்றத்தில் வெயில் விழுகிற இடத்தைக் குச்சி நட்டுப் பாருங்கள். ஆறு மணி நேரம் வெயில் கிடைக்கிற இடம் காய்க்கு. நான்கு மணி நேரம் கிடைக்கிற இடம் கீரைக்கு: பசளி, பொன்னாங்காணி, வல்லாரை, கங்குங்.

தக்காளியும் கத்தரியும் காலையில் நன்றாக இருந்து மத்தியானம் பச்சையாகவே வாடி நின்றால் அது பற்றீரிய வாடல். தண்டை வெட்டி, கண்ணாடிக் கோப்பைத் தண்ணீரில் தொங்கவிடுங்கள். பால் நூல் மாதிரி இறங்கினால் அதுதான். மருந்து தேடாதீர்கள், பிடுங்கி எரியுங்கள். அந்தப் பாத்தியில் தக்காளி, கத்தரி, கொச்சிக்காய், கறிமிளகாய் எதுவும் இரண்டு மூன்று வருடத்துக்கு வேண்டாம். எல்லாம் ஒரே குடும்பம். பயிற்றையோ சோளமோ போடுங்கள். தண்ணீர் தேங்காத மேட்டுப்பாத்தியில் இந்த நோய் குறைவு.

நடவுக்கு மாரிப் போகம்தான் நமக்கு நல்லது. ஆனால் ஐப்பசியில் மழை தொடங்கின பிறகு பாத்தி போடப் போகாதீர்கள், ஈர மண்ணைக் கொத்தவேண்டிவரும். ஆனியில் குவியல் போட்டால் ஐப்பசிக்கு முன்னே பசளை தயார். மண்ணை எந்த நாளும் வெறுமையாக விடாதீர்கள்: பயிர் இல்லாத மாதத்தில் சருகாவது மூடியிருக்கட்டும். மழைத்துளி நேரே மண்ணில் விழக்கூடாது.

குரங்கைப் பற்றி யாரோ கேட்கப்போகிறீர்கள், முகத்தில் தெரிகிறது. அதற்கு என்னிடம் முழு விடை இல்லை. வீட்டு வாசலுக்கு மிக அருகில் பாத்தி போடுங்கள், ஆள் நடமாட்டம் இருக்கிற இடத்தில். கிழங்கும் கீரையும் கொஞ்சம் தப்பும்.

கம்பு மூன்றும் நூலும் ஒரு கல்லும் கொண்டு வந்திருக்கிறேன், கதவோரம் சாய்த்து வைத்திருக்கிறேன். இருட்ட இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. பிள்ளைகள் முன்னே வாருங்கள். இந்தக் கட்டிடத்துக்குப் பின்னால் இருக்கிற சரிவில் முதல் முளையை நீங்கள் அடியுங்கள்.